சந்தை நாள்: பெரியவர்களின் நினைவில் நம் வட்டாரம்

வாரத்தின் ஏழு நாள்களுக்கும் பெயர் உண்டு. ஆயினும் நம் பாட்டிமார்களின் நாவில் எட்டாவது நாள் ஒன்றும் வழங்கி வந்தது. அதுதான் ‘சந்தை நாள்’. “சந்தைக்கு முதல் நாள் கருது அறுத்தோம்”, “சந்தைக்கு மறுநாள் கல்யாணம்” என்று அவர்கள் காலத்தைக் கணக்கிட்டார்கள். நாட்காட்டி தொங்காத வீடுகளிலும் சந்தை நாள் யாருக்கும் மறந்ததில்லை. வீட்டின் உப்பும் புளியும், உழவனின் கையிலிருந்த காசும், மகளுக்கு வாங்கும் வளையலும் அந்த ஒரு நாளையே நம்பியிருந்தன.

இன்று நம் மாணவியருள் பலருக்குச் சந்தை என்றால் காய்கறி மலிவாகக் கிடைக்கும் இடம், அவ்வளவே. கடைத்தெரு நாள்தோறும் திறந்திருக்கிறது. கீரை விற்கும் அம்மாவின் கூடை ஓரத்தில்கூடக் கைப்பேசியால் பணம் செலுத்துவதற்கான அட்டை நிற்கிறது. ஆகையால் சந்தையை நம்பி வாழ்ந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை அறிய வேண்டுமானால், அதை வாழ்ந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி மறையும்போது, வேறெங்கும் எழுதப்படாத ஒரு நூல் எரிந்துபோகிறது எனலாம். அந்த நூலை எப்படிப் படிப்பது, அதில் எதை நம்புவது, எதைச் சோதித்துப் பார்ப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சந்தை ஏன் வாரத்துக்கு ஒரு நாள்?

தமிழருக்கு அங்காடி புதிதன்று. மதுரையில் பகலில் கூடிய நாளங்காடியையும் இரவில் கூடிய அல்லங்காடியையும் மதுரைக் காஞ்சி பேசுகிறது. புகார் நகரத்து நாளங்காடியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆனால் இவை பெருநகரங்களில் நாள்தோறும் நடந்த அங்காடிகள். சிற்றூர்களின் நிலை வேறு. ஒரு சிற்றூரில் நாள்தோறும் கடை திறந்து வைத்தால் வாங்க ஆள் இராது. ஐம்பது சிற்றூர்களின் மக்கள் ஒரே நாளில் ஓரிடத்தில் கூடினால், அன்று வளையல்காரருக்கும் வியாபாரம் நடக்கும். கயிறு திரிப்பவருக்கும் நடக்கும். இதுவே வாரச் சந்தையின் அடிப்படை.

இதில் வேறொரு நுட்பமும் உண்டு. பக்கத்துப் பக்கத்துச் சந்தைகள் ஒரே நாளில் கூடுவதில்லை. ஓர் ஊரில் திங்கள் என்றால் அடுத்த ஊரில் செவ்வாய், அதற்கடுத்த ஊரில் புதன். துணி வியாபாரியும் பாத்திரக்காரரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி வருவர். வாரம் முழுவதும் அவர்களுக்குச் சந்தை நாள். ஊராருக்கோ ஒரே நாள். யாரும் கூட்டம் போட்டு வகுக்காமலே, வழக்கத்தால் அமைந்த ஏற்பாடு இது.

சந்தைக்கும் சந்தைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம்? இதற்கு இங்கிலாந்து நாட்டிலிருந்து ஒரு சுவையான கணக்கு கிடைக்கிறது. அங்கே ஒரு நகரம் சந்தை கூட்ட வேண்டுமானால் மன்னரின் உரிமைப் பட்டயம் பெற வேண்டியிருந்தது. அப்படிப் பெற்ற ஊர்களைச் ‘சந்தை நகரங்கள்’ என்று இன்றும் அழைக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹென்றி பிராக்டன் என்ற சட்ட அறிஞரின் பெயரால் வழங்கும் நூலில், சந்தைகளுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி கூறப்பட்டுள்ளது. மனிதன் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் 20 மைல். அதை மூன்றாகப் பங்கிடு. ஒரு பங்கு சந்தைக்குப் போக, ஒரு பங்கு நேரம் வாங்கி விற்க, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. ஆகவே இடைவெளி 6 மைலும் மூன்றில் இரண்டு பங்கும். நம் கணக்கில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர்.

சிறுவாச்சூரிலிருந்து பெரம்பலூர் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தலையில் கூடையோடு விடியற்காலையில் புறப்பட்ட பெண், விற்று முடித்து, வேண்டியதை வாங்கிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடக்கூடிய தூரம் இது. பிராக்டனை அவள் அறியாள். அவள் கால்கள் அறிந்திருந்த கணக்கையே அவரும் எழுதியிருக்கிறார்.

நம் வட்டாரத்தின் சந்தை வாழ்க்கை

பெரம்பலூர்ப் பகுதி காவிரிப் பாசனம் பாயாத மேட்டு நிலம். மழையை நம்பிய புன்செய். கம்பு, சோளம், வரகு, நிலக்கடலை, ஆமணக்கு, பருத்தி, மிளகாய் ஆகியவை இங்கே விளைந்தன. ஆலத்தூர், செட்டிகுளம், பாடாலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் பெயர்பெற்றது. கடந்த சில பத்தாண்டுகளில் மக்காச்சோளம் பெரும் பரப்பைப் பிடித்துக்கொண்டது. புன்செய் விவசாயியின் வீட்டில் நெல்லில்லை. நெல் வேண்டுமானால் அவர் எதையாவது விற்றாக வேண்டும். ஆற்றங்கரை ஊர்க்காரர் சந்தை இல்லாமலும் சோறு உண்ணலாம். மேட்டு நிலத்தாருக்கு அது இயலாது. நம் வட்டாரத்து முதியோர் சந்தையைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகப் பேசுவதற்கு இதுவே காரணம்.

சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். அறுவடை ஆனவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை சரியும். ஆகவே அதைப் பட்டறை போட்டுச் சேமிப்பார்கள். தரையிலிருந்து சற்று உயர்த்தி, காற்று நுழைய இடைவெளி விட்டு, மேலே கூரை வேய்ந்த நீளமான அமைப்பு அது. ஈரம் பட்டால் அழுகும்; காற்று போனால் நிலைக்கும். எந்த வாரம் பட்டறையைப் பிரிப்பது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் அடங்கியிருக்கும். இன்றும் அந்தக் கவலை தீர்ந்தபாடில்லை.

சாலைகளும் சந்தையை மாற்றின. திருச்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே 1929இல் திறக்கப்பட்ட குறுக்கு இரயில் பாதை அரியலூர் வழியே சென்றது. பெரம்பலூருக்கு இன்றளவும் இரயில் இல்லை. இரயில் உள்ள அரியலூரும், நெடுஞ்சாலையை நம்பிய பெரம்பலூரும் வெவ்வேறு விதமாக வளர்ந்தன. மாட்டு வண்டி போய் லாரி வந்தது. இந்த நூற்றாண்டில் நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையாக விரிந்தபின், முன்பு ஊருக்குள் நின்று போன வண்டிகள் ஊரைத் தொடாமலே பறக்கின்றன. 1995இல் பெரம்பலூர் மாவட்டத் தலைநகரமானபின், சந்தைக்கு மட்டும் வந்தவர்கள் மனுவோடும் கோப்போடும் வரத் தொடங்கினார்கள்.

சிறுவாச்சூரின் கதை தனித்தன்மை உடையது. இங்குள்ள மதுரகாளியம்மன் ஆலயம் வழக்கமாகத் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாள்களில்தான் திறக்கப்படுகிறது. சில சிறப்பு நாள்களும் உண்டு. மற்ற நாள்களில் அம்மன் அருகிலுள்ள பெரியசாமி மலையில் இருப்பதாக மக்கள் நம்பிக்கை. தொலைதூரத்திலிருந்து வரும் குடும்பங்கள் அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, மாவிளக்கு ஏற்றுகிறார்கள். அந்த இரு நாள்களில் தேங்காய், பூ, வெல்லம் விற்பவர்களும், மாவிடித்துக் கொடுக்கும் பெண்களும், சிற்றுண்டிக் கடைக்காரர்களும் வாரத்தின் பெரும்பகுதி வருவாயைத் தேடுகிறார்கள். ஆலயக் கதவின் திறப்பே இங்கு வாரச் சந்தையின் மணி எனலாம். வழிபாட்டுக்குக் கூடும் கூட்டம் வணிகத்தையும் வளர்ப்பது எங்கும் காணும் வழக்கம். அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருவிழாவிலும் கோயிலுக்கு வெளியே கடைகள் முளைப்பதைக் காண்கிறோம்.

படியும் வீசையும், அணாவும் பைசாவும்

பெரியவர்கள் சந்தைக் கதை சொல்லும்போது நமக்கு விளங்காமல் போவது பெரும்பாலும் அளவைகளே. அவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும்.

தானியத்தை முகந்து அளந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். புளி, வெல்லம், மிளகாய் போன்றவற்றை நிறுத்தார்கள். நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் ஒரு பலம் சுமார் 35 கிராம், ஒரு வீசை சுமார் 1 கிலோ 400 கிராம், ஒரு மணங்கு 11 கிலோவுக்குச் சற்று மேல்.

சிக்கல் என்னவென்றால் படி எல்லா ஊரிலும் ஒரே அளவாக இல்லை. பெரிய படி உண்டு, சின்னப் படி உண்டு. ஒரே படியிலும் குவித்து அளப்பது ஒரு விதம், தலைதட்டி அளப்பது மற்றொரு விதம். வாங்கும்போது குவித்தும் விற்கும்போது தலைதட்டியும் அளக்கும் கெட்டிக்காரர்களுக்குக் குறைவில்லை. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்ற பழமொழி பிறந்த நாட்டில், அளப்பதிலேயே ஏமாற்றும் இருந்தது. அளக்கும்போது முதல் படியை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று எண்ணும் மங்கல வழக்கமும் இருந்தது. லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை நீளும். யாருக்கு லாபம் என்பது படியின் அடிப்பாகத்தைப் பார்த்தால்தான் தெரியும்!

நாணயமும் அப்படியே. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா, அதாவது பன்னிரண்டு தம்படி. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற தசமக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. 1964 முதல் ‘நயா’ போய்ப் ‘பைசா’ மட்டும் நின்றது. எட்டணா சரியாக 50 பைசா. நாலணா சரியாக 25 பைசா. ஆனால் ஓரணா ஆறே கால் பைசா! கால் பைசாவை எங்கே தேடுவது? சில்லறை வியாபாரத்தில் இந்தக் கால் பைசா யார் பக்கம் போவது என்பதில் சச்சரவு எழுந்தது இயல்பே. எழுத்தறியாத ஒரு மூதாட்டி இந்த மாற்றத்தை ஈடுகொடுத்துக் கணக்கு முடித்தாள் என்றால், அவளை ‘படிக்காதவள்’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியுமா?

எடை, அளவுகளைச் சீர்செய்யும் சட்டம் 1956இல் இயற்றப்பட்டு, 1958 முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் வந்தன. புதிய எடைக்கற்களில் அரசு முத்திரை இருந்தது. ஊருக்கு ஊர் மாறிய படியின் ஆட்சி அதனால் முடிவுக்கு வந்தது. ஏழை எளியவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆயினும் ‘நாலணா’, ‘எட்டணா’ என்ற சொற்கள் நாணயத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றன. 2011 ஜூன் 30ஆம் நாளோடு 25 பைசா நாணயமே செல்லாமற் போயிற்று. ஆனாலும் ‘நாலணாவுக்குப் பெறாத காரியம்’ என்று இன்றும் பேசுகிறோம்.

துண்டுக்கு அடியில் பேசிய விலை

மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்கள் மறக்காத காட்சி ஒன்று உண்டு. விற்பவரும் தரகரும் கை குலுக்குவதுபோல் நிற்பார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு கிடக்கும். வாய் பேசாது, விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதே தொகை. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். தலையசைத்தால் முடிந்தது, உதறினால் இன்னும் பேச வேண்டும்.

ஏன் இந்த மறைவு? ஒரு மாட்டின் விலை வெளியே தெரிந்தால் அடுத்த மாட்டின் விலை அதனால் பாதிக்கப்படும் என்பது ஒரு காரணம். விற்பவரின் வறுமை பலர் முன்னிலையில் வெளிப்படாது என்பது மற்றொன்று. ஆனால் இதனால் முழு ஆதாயம் பெற்றவர் இரு பக்கமும் விரல் பிடித்த தரகரே. எந்த விலை நடக்கிறது என்பதை அவர் ஒருவரே அறிந்திருந்தார்.

வெங்காயமும் பருத்தியும் மிளகாயும் விற்ற விவசாயிக்கு வேறொரு கட்டு இருந்தது. விதைக்கும் உரத்துக்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். விளைந்ததை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டியிருக்கும். இதைச் சீர்செய்யவே 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன் வழியில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் தோன்றின. இடைத்தரகர் இன்றி விவசாயியே நேரில் விற்கும் உழவர் சந்தை, 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. பெரம்பலூரிலும் பின்னர் உழவர் சந்தை அமைந்தது. சட்டம் வந்த உடனே கடன் தீர்ந்துவிடவில்லை. ஆனால் விலைப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய எண், துண்டுக்கு அடியில் இருந்த எண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது.

ஏட்டில் ஏறாத பெண்கள்

சந்தையில் கடை போடுவோரிடம் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் ஏலம் விடுவது வழக்கம். ஆகவே குத்தகை எவ்வளவு, எடுத்தவர் யார் என்பது ஏட்டில் இருக்கும். ஆனால் தரையில் சாக்கை விரித்து நான்கு கட்டு முருங்கைக் கீரை வைத்திருந்த பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்கள் மன்னர்களின் கொடையைச் சொல்லும்; கீரைக்காரியைச் சொல்லா. அவளைப் பற்றிச் சொல்ல அவள் மகளும் பேத்தியும்தான் இருக்கிறார்கள்.

அவள் கொண்டு வந்தது கொல்லையில் பறித்த சுண்டைக்காய், வளர்த்த கோழியின் முட்டை, தூற்றியபின் பொறுக்கிச் சேர்த்த தானியம். காசாக மாற்றாமல் பொருளுக்குப் பொருளாகவும் மாற்றினாள். சேர்ந்த சில்லறையைச் சுருக்குப் பையில் போட்டாள், முந்தானையில் முடிந்தாள். அந்த முடிச்சிலிருந்துதான் பல வீடுகளில் பிள்ளைகளின் சிலேட்டுக்கும் பல்பத்துக்கும் காசு வந்தது. நம்மில் எத்தனை பேருடைய அன்னையர் அல்லது பாட்டியர் முதன்முதலாகப் பள்ளிப் படியேறியது அந்த முடிச்சின் பலத்தால் என்று விசாரித்துப் பாருங்கள். வியப்படைவீர்கள்.

மறுபுறமும் உண்டு. சந்தை நாள் வந்தால் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவார்கள். வாரத்தில் ஒரு நாள் வராத மாணவி, மாதத்தில் நான்கு நாள் பாடம் இழப்பாள். பிறகு நின்றே போவாள். சந்தை சிலரைப் பள்ளிக்கு அனுப்பியது. சிலரைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது. இரண்டும் உண்மையே.

நினைவைச் சோதிப்பது எப்படி?

நினைவு புனிதமானது என்பதற்காக அது பிழையற்றது ஆகிவிடாது. மனம் தனக்குப் பிடித்ததைப் பெரிதாக்கும், வலித்ததை மறைக்கும். ஆகவே கேட்டதைச் சோதிக்கச் சில வழிகள் உள்ளன.

முதலாவது, ஆண்டைக் கண்டுபிடிக்க ஊன்றுகோல் தேவை. “நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது” என்றால் ஆண்டு விளங்காது. எல்லாரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். நயா பைசா வருவதற்கு முன்பா, பின்பா? 1956 நவம்பர் 23ஆம் நாள் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் நிகழ்ந்த பெரும் இரயில் விபத்துக்கு முன்பா, பின்பா? (அவ்விபத்துக்குப் பொறுப்பேற்று அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார்.) 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது பள்ளியில் இருந்தீர்களா? இப்படிக் கேட்டால் ஆண்டு தானே வெளிவரும்.

இரண்டாவது, விலையைக் கேட்டால் கூலியையும் சேர்த்துக் கேளுங்கள். “அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு” என்பார்கள். உண்மைதான்; கூலியும் மலிவு. ஒரு படி அரிசி என்ன விலை என்று மட்டும் கேட்டால் பொற்காலமாகத் தோன்றும். ஒரு நாள் களையெடுத்த பெண் தன் கூலியைக் கொண்டு எத்தனை படி அரிசி வாங்க முடிந்தது என்று கேட்டால்தான் அவள் வீட்டு அடுப்பு தெரியும்.

மூன்றாவது, ஒருவரை மட்டும் கேட்காதீர்கள். மண்டி வைத்திருந்தவருக்கு ஒரு சந்தை. அவரிடம் கடன்பட்டவருக்கு வேறொரு சந்தை. தீண்டாமையை நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது. அதைக் குற்றமாக்கும் சட்டம் 1955இல் வந்தது. ஆயினும் அதன் பின்னரும் தமிழ்நாட்டின் பல ஊர்த் தேநீர்க் கடைகளில் சிலருக்குத் தனிக் குவளை வைத்திருந்தார்கள். உள்ளே பலகையில் அமர்ந்து தேநீர் குடித்தவர் ‘ஒற்றுமையாக இருந்தோம்’ என்று மனமார நம்பிச் சொல்லலாம். வெளியே நின்று குடித்தவரிடமும் கேட்டபின்தான் அந்தச் சந்தையின் கதை முழுமையாகும்.

நான்காவது, நினைவையும் ஏட்டையும் ஒப்பிடுங்கள். பழைய பத்திரம், குடும்ப அட்டை, கணக்குப் புத்தகம், திருமண மொய் நோட்டு ஆகிய எதுவும் சான்றே. மொய் நோட்டில் ‘எட்டணா’ என்ற வரி, பாட்டியின் பேச்சுக்கு முத்திரை வைத்ததாகும். இரண்டும் முரண்பட்டால் யாரையும் பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள். ஏன் முரண்படுகிறது என்று கேளுங்கள். அங்கேயே புதிய செய்தி கிடைக்கும்.

வழிகாட்டிய சிலர்

இத்தகைய பணியைச் செய்து காட்டியவர்கள் உண்டு. ஜார்ஜ் ஈவர்ட் எவன்ஸ் என்பவர் 1948இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிளாக்ஸ்ஹால் என்ற சிற்றூரில் குடியேறினார். அவருடைய மனைவி அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை. அண்டை வீட்டு முதியவர்கள், இயந்திரங்கள் வருமுன் ஆடு மேய்த்ததையும் கையால் அறுவடை செய்ததையும் பேசுவதைக் கேட்ட எவன்ஸ், அவர்களே நடமாடும் வரலாறு என்று உணர்ந்து எழுதத் தொடங்கினார். அந்நூல் 1956இல் வெளிவந்தது. மன்னர்களைப் பற்றி மட்டுமே எழுதி வந்த நாட்டில், ஓர் ஆட்டிடையரின் நினைவும் வரலாறே என்பதைப் பலர் ஏற்றுக்கொள்ள அது துணை செய்தது.

நம் நாட்டில் இடைசெவல் ஊரைச் சேர்ந்த கி. ராஜநாராயணன், மக்கள் வாயில் வழங்கிய சொற்களைத் தொகுத்துக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளியிட்டார். நம் பக்கத்திலேயே இன்னும் பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், திருக்காவலூர் என்னும் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர். 1732இல் அவர் இயற்றிய சதுரகராதி தமிழ் அகராதிக்கலையில் ஒரு திருப்புமுனை. பிறந்த மொழி தமிழ் அல்லாத ஒருவர் இந்த மண்ணில் அமர்ந்து தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுத்தார். இங்கேயே பிறந்த நாம் நம் பாட்டியின் சொற்களைத் தொலைக்கலாமா? கொசுறு, தரகு, வீசை, மணங்கு, வெள்ளிக்கோல், தலைதட்டு, தண்டல், கைமாற்று இவை ஒவ்வொன்றும் ஒரு பழக்கத்தின் பெயர். பழக்கம் மறைந்தபின் அதன் சாட்சியாக நிற்பது சொல் மட்டுமே.

விடுமுறைக்கு ஒரு வேலை

மாணவியரே, வரும் விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டை இதற்கென ஒதுக்குங்கள். வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் அமருங்கள். நினைவுகளைக் குறித்துக்கொள்ளலாமா என்று முதலில் அனுமதி கேளுங்கள். பிறகு இக்கேள்விகளைத் தொடுங்கள்:

1. எந்தச் சந்தைக்கு, எந்தக் கிழமை, எந்த வழியாகப் போனீர்கள்? யாரோடு போனீர்கள்?
2. எதை விற்றீர்கள்? எதை வாங்கினீர்கள்? எந்த அளவையால்?
3. அன்று உங்கள் ஒரு நாள் கூலி என்ன? அதைக் கொண்டு என்ன வாங்க முடிந்தது?
4. கையிலிருந்த காசு யாருடைய கணக்கு? அதைச் செலவிட உங்களுக்கு உரிமை இருந்ததா?
5. சந்தையில் நீங்கள் போகக்கூடாத இடம், உட்காரக்கூடாத இடம் ஏதேனும் இருந்ததா?
6. சந்தை நாளில் பள்ளிக்குப் போனீர்களா?

ஐந்தாம் கேள்விக்குச் சிலர் பதில் சொல்லாமல் இருக்கலாம். வற்புறுத்த வேண்டாம். அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பயன்படுத்திய சொல்லையே எழுதுங்கள். பாடநூல் தமிழுக்கு மாற்றாதீர்கள். கீழே நாளையும் ஊரையும் எழுதுங்கள். எழுதி முடித்தபின் அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். “அப்படிச் சொல்லவில்லை அம்மா, இப்படி” என்று அவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தம் மிகவும் மதிப்புடையது.

பெற்றோர்களே, உங்கள் மகள் பாட்டியின் அருகில் அமர்ந்து நோட்டுப் புத்தகத்தோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தால், படிப்பை விட்டு வீண்பொழுது போக்குகிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். கணக்கும் வரலாறும் தமிழும் பொருளியலும் ஒரே திண்ணையில் நடக்கும் வகுப்பு அது. அந்த வகுப்பின் ஆசிரியைக்கு ஓய்வு பெறும் வயதில்லை. ஆனால் நேரம் குறைவு. இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.